இணையச் சாதனங்களுக்கு எந்தக் குறியாக்கம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது யாரும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. பங்காளிகள் நால்வரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். முகப்பிலும் பின்கட்டிலும் கேமராக்கள், கதவுக்கு இணையப் பூட்டு, கிணற்று மோட்டாருக்குக் கைப்பேசியில் இயக்கும் ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பொருத்த எண்ணியுள்ளோம். ஒரு விற்பனையாளர் தம் சாதனங்களில் ‘ராணுவத் தரத்து 256 பிட் குறியாக்கம்’ இருப்பதாகச் சொல்கிறார். இன்னொருவர் 128 பிட்டே போதும் என்கிறார். யாரை நம்பி வாங்குவது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: 128 பிட் போதும் என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். குறியாக்கம் என்பது சாவி என்ற ரகசிய எண்ணைக் கொண்டு செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது; அந்தச் சாவியின் நீளமே பிட் கணக்கு. இருவரும் குறிப்பிடுவது பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையாகவே இருக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகியோர் வடிவமைத்த இம்முறையை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2001-இல் தரமாக அறிவித்தது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த டிஇஎஸ் முறையின் சாவி 56 பிட் நீளமே கொண்டது என்பதால், 1998-இல் அதற்கென்றே கட்டப்பட்ட ஓர் இயந்திரம் சாவிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து மூன்று நாளுக்குள் அதை உடைத்துவிட்டது. 128 பிட் சாவிக்கு அந்த வழி பலிக்காது. அதில் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்ட எண். சாதனங்கள் கம்பியின்றிப் பேசப் பயன்படும் புளூடூத், ஜிக்பீ, லோராவான் ஆகிய மூன்றும் 128 பிட் ஏஇஎஸ்ஸையே நம்பி இயங்குகின்றன. 256 பிட் இருந்தால் நல்லதே. ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

நீங்கள் இருவரிடமும் கேட்க வேண்டியது சாவியைப் பற்றி. அது எங்கே உருவாகிறது, எங்கே வைக்கப்படுகிறது, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியானதா, தேவைப்பட்டால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆடி ஷமீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். புகழ்பெற்ற ஸ்மார்ட் விளக்கு ஒன்றின் மென்பொருள் புதுப்பிப்பை ஏஇஎஸ் முறையே காத்துவந்தது. சிப் செலவிடும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அவர்கள் அதன் சாவியைக் கண்டெடுத்தார்கள். அதே சாவி அந்த வகை விளக்குகள் எல்லாவற்றிலும் இருந்ததால், ஒரு விளக்கை ஆராய்ந்தவர் மற்ற விளக்குகளையும் தம் வசப்படுத்திவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஏஇஎஸ்ஸின் கணிதத்தை அங்கே யாரும் உடைக்கவில்லை. வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) தனி அறையும் தனிச் சாவியும் வைத்த நம் வீட்டு ஏற்பாட்டையே சாதனங்களிடமும் எதிர்பாருங்கள்: ஒரு சாவி தொலைந்தால் ஓர் அறைக்கு மட்டுமே ஆபத்து.

அடுத்ததாக, சாதனம் தன் சர்வருடன் (தயாரிப்பாளரின் மையக் கணினியுடன்) டிஎல்எஸ் என்ற இணையப் பாதுகாப்பு நெறிமுறையின் 1.2 அல்லது 2018-இல் வந்த 1.3 பதிப்பு வழியாகப் பேசுகிறதா என்றும், பேசும்போது சர்வரின் அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல விற்பனையாளர்களிடம் விடை இருக்காது, ஆனாலும் விடாதீர்கள். சான்றிதழைச் சரிபார்க்காத சாதனம், நடுவில் நுழைந்த திருடனுடனும் மிகப் பாதுகாப்பான குறியாக்கத்திலேயே பேசிக்கொண்டிருக்கும். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வாங்கும் மாடலுக்கு அந்தச் சான்று உள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பொருத்தியவுடன் ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஏராளமான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியபோது எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்கமான பெயர்–கடவுச்சொல் இணைகளை முயன்று பார்த்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. நால்வரும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளாமல் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள்; அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் அதை மட்டும் நீக்கினால் போதும்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். மேல்தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து மோட்டாருக்குச் செய்தி அனுப்பும், பேட்டரியில் இயங்கும் சிறு கருவியை உருவாக்கி வருகிறேன். ஏஇஎஸ், சாசா20, ஆஸ்கான் ஆகிய குறியாக்க முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் உங்கள் சிப்பின் விவரக் குறிப்பைப் பாருங்கள். ஏஇஎஸ்ஸுக்கான வன்பொருள் அதிலேயே இருந்தால் (இஎஸ்பி32 சிப்பில் இருக்கிறது) அதை இயக்கும் வகைகளான ஏஇஎஸ்-சிசிஎம் அல்லது ஏஇஎஸ்-ஜிசிஎம் போதும், பேட்டரியும் மிச்சமாகும். அத்தகைய வன்பொருள் இல்லாவிட்டால், டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த சாசா20-ஐ, செய்தி மாற்றப்படவில்லை என்பதைச் சோதிக்கும் பாலி1305-உடன் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மென்பொருளில் மட்டும் ஓடும்போது அது பொதுவாக வேகமானது. நினைவகம் மிகவும் குறைந்த சிப் என்றால் ஆஸ்கான் பொருந்தும். சிறு கருவிகளுக்கான தரமாக 2023-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அது, 2025-இல் முறையாக வெளியிடப்பட்டது.

இம்மூன்றையும் பரிந்துரைப்பதற்குக் காரணம், இவை செய்தியை மறைப்பதோடு அது வழியில் மாற்றப்படவில்லை என்பதையும் உறுதிசெய்வதுதான். உங்கள் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது யாருக்குத் தெரிந்தாலும் பெரிய நட்டமில்லை. ‘மோட்டாரைப் போடு’ என்ற பொய்ச் செய்தியை யாரேனும் அனுப்ப முடிந்தால் வறண்ட கிணற்றில் மோட்டார் ஓடி அதன் கம்பிச்சுருள் கருகிவிடும். ஆகவே மறைப்பதை மட்டும் செய்யும் இசிபி போன்ற பழைய ஏற்பாடுகளைத் தொடாதீர்கள்.

இனி, மாணவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இம்முறைகளில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதிய எண் தேவை. ஒரே சாவியுடன் அதே எண் மீண்டும் வந்தால் பாதுகாப்பு குலைந்துவிடும், ஜிசிஎம்மில் அதன் விளைவு மிகவும் கடுமையானது. செய்திகளை எண்ணும் கணக்கைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்தால், பேட்டரியை மாற்றியதும் கருவி மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால் அது விரைவில் தேய்ந்துவிடும். எனவே ஆயிரம் எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த எல்லையை மட்டும் ஃபிளாஷில் எழுதி வையுங்கள். கருவி எப்போது மறுபடி தொடங்கினாலும் அந்த எல்லைக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடரட்டும். பெறும் பக்கத்தில், ஏற்கெனவே வந்த எண்ணுக்குச் சமமான அல்லது குறைவான எண்ணோடு வரும் செய்தியைத் தள்ளிவிடுங்கள். பழைய செய்தியைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பும் தாக்குதல் இதனால் தடுக்கப்படும்.

சாவிப் பரிமாற்றம் (இரு கருவிகளும் தமக்குள் ஒரு பொதுவான ரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்வது) தேவைப்பட்டால், அதற்கான முறைகளில் ஆர்எஸ்ஏவைவிட எக்ஸ்25519 உங்களுக்கு ஏற்றது. மறைக்காமல் வெளியே அனுப்பும் அதன் பொதுச்சாவி 32 பைட்டுகளே. குறியாக்க நிரலை நீங்களாக எழுதாமல் எம்பெட் டிஎல்எஸ் போன்ற பலர் சோதித்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் இவை எல்லாமே பயனற்றுப் போகும் என்கிறார்களே?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: எல்லாமே போகாது. ஆர்எஸ்ஏ, எக்ஸ்25519 போன்ற சாவிப் பரிமாற்ற முறைகளுக்கே உண்மையான ஆபத்து. ஏஇஎஸ்ஸுக்கு அந்த அளவு இல்லை. அவற்றுக்கு மாற்றாக, குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த எம்எல்-கெம் என்ற சாவிப் பரிமாற்ற முறை 2024 ஆகஸ்டில் தரமாக வெளியாகிவிட்டது. கதவுப் பூட்டு போன்ற பொருளைப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வைத்திருப்போம் என்பதால், இன்று வாங்கும்போது தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்புத் தருவார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய முறை உங்கள் பூட்டுக்கு வந்துசேர வேண்டிய வழி அதுதான்.