தரங்கம்பாடி: கோட்டை ஒரு துறையிடம், சாக்கடை இன்னொன்றிடம்

இந்த முறை வந்த கடிதங்களில் தரங்கம்பாடி பற்றியவை பல. ஒரே ஊர் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

டேனிஷ்காரன் கட்டிய கோட்டைக்கு நம் வரிப்பணம் எதற்கு? (சீர்காழி வாசகர்)

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து, அதற்கு வருஷா வருஷம் பணமும் பேசி வாங்கிக்கொண்டார். கட்டிய கைகள் இங்குள்ளவர்களுடையவை. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த ஊரில்தான், காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். 1845-ல் வங்காளத்தில் தங்களிடம் இருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். இனி அதை அவர்கள் கோட்டை என்று சொல்லி என்ன பயன், சொல்லுங்கள்?

கடலுக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீடு. ஓட்டு வீடு, சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது. பாரம்பரிய ஊர், கடற்கரைச் சட்டம் என்று ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். சிமெண்ட் பூசிவிடலாமா? தெருவில் தண்ணீர் நின்றால் யாரைக் கேட்பது? (சென்னையில் வசிக்கும் தரங்கம்பாடி வாசகி)

சிமெண்ட் மட்டும் வேண்டாம் அம்மா. பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் ஈரம் வெளியே போய்விடும், உதிர்வது பூச்சோடு நிற்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே செங்கல் பொடிப்பொடியாகும். சுனாமிக்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைப் பழுதுபார்த்தது, ஊருக்குப் போகும்போது அவற்றை ஒருமுறை பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். கூலியும் கூடுதல்தான், அதை மறைக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். உங்கள் பாட்டி வீடு அப்படி அல்ல, பழைய வீடு என்பதாலேயே ஒரு வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. உங்களுக்குப் பொருந்துவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், 1991-ல் வந்து 2011-லும் 2019-லும் மாறியவை. கட்டத் தடையுள்ள பகுதிக்குள்ளேயே இருந்தாலும், அனுமதியோடு கட்டிய பழைய வீட்டைப் பரப்பளவு கூட்டாமல் பழுதுபார்க்க அவை இடம் கொடுக்கின்றன. மாடி எடுப்பது, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது என்றால்தான் வேறு பேச்சு. எதற்கும் பேரூராட்சியில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

தண்ணீர் நிற்பதற்கும் பேரூராட்சிதான். இந்த ஊரின் தலைவலியே இதுதான்: கோட்டை தொல்லியல் துறையிடம், கோயில் அறநிலையத் துறையிடம், தேவாலயம் திருச்சபையிடம், வடிகாலும் குப்பையும் தெருவிளக்கும் பேரூராட்சியிடம். சின்னத்துக்கு நிதி வரும்போது அது சின்னத்தின் மதிலோடு நின்றுவிடும், மதிலுக்கு வெளியே இருக்கும் தெருவுக்கு வராது. சுவரடியில் தேங்கும் தண்ணீரைத்தான் சுவர் குடிக்கிறது என்பதால், என்னைக் கேட்டால், ஒழுங்கான வடிகால்தான் இந்த ஊரின் முதல் பாரம்பரியப் பாதுகாப்பு வேலை. திறப்புவிழா வைத்து ரிப்பன் வெட்ட முடியாத வேலை என்பதால் அது கடைசியாகவே வருகிறது.

மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் தின்றதுபோல் கோட்டையையும் தின்றுவிடுமா? (காரைக்கால் வாசகர்)

1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது, முன்பகுதி கடலோடு போனது. இப்போது கரையில் கல் கொட்டியிருக்கிறார்கள், அதனால் உடனே பயமில்லை. ஆனால் நம் கிழக்குக் கரையில் மணல் வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகத்தான் நகர்கிறது. எங்கே தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் போடும் கல்சுவர்) துறைமுகச் சுவரோ நீட்டினாலும் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். ஆகவே கோட்டை முன்னால் கல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வடக்கே அடுத்த மீனவர் குப்பத்தில் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்றும் பாருங்கள். கோட்டைக்காக அந்தக் குப்பம் விலை கொடுக்கக் கூடாது.

மயிலாடுதுறை ரயில் திரும்ப வருமா? (பொறையாறு வாசகர்)

1926-ல் வந்து 1986-ல் நின்ற பாதை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நிறுத்தங்களைப் பெரியவர்கள் இன்னும் வரிசை மாறாமல் சொல்வார்கள். தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வருகிறது. நான் அதற்காகக் காத்திருக்கச் சொல்லமாட்டேன், மயிலாடுதுறையிலிருந்து வெறும் முப்பது கிலோமீட்டர்தான். இரவு 9 மணிக்கு மேலும் ஒழுங்காக பஸ் ஓட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுங்கள், அது சீக்கிரம் நடக்கக்கூடிய காரியம்.