நெய்யை வெளியே எடுத்து வையுங்கள்: ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களின் சாப்பாட்டுக் கேள்விகள்

ஜெர்மனியில் படிப்பவர்கள், படிக்கப் போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் சாப்பாடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெற்றோர் எழுதியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, அங்கே படித்துவிட்டு வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மகன் அக்டோபரில் ஆகென் போகிறான். அவன் அம்மா இப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு கிலோ நெய், பருப்பு ஐந்து கிலோ, கறிவேப்பிலை, முருங்கைக்காய், குக்கர், மிக்ஸி. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? (ஒரு தந்தை, கரூர்)

முதலில் நெய்யை வெளியே எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது, நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் இதில் அடங்கிவிடும், சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்குத்தான் போகும். வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, ஆக கருவாடு போகலாம், நெய் போக முடியாது. (கருவாட்டை விடுதியில் வறுத்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே பாருங்கள்.) பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்கூட வேண்டாம். 2019 டிசம்பர் 14 முதல் காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள், விலக்கு வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகியவற்றுக்கு மட்டும்தான்.

நெய்க்காக அம்மா கவலைப்பட வேண்டாம். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு இருக்காது, அதிலும் புளித்த பாலாடையில் எடுத்த வகை ஒன்று உண்டு, அதை உருக்கினால் வீட்டு நெய் வாசனையே வரும். பருப்பு ஐந்து கிலோ வீண் சுமை. ஆகென் இருக்கிற நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய கடைகளில் துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, புளி, ஏன் கறிவேப்பிலைகூடக் கிடைக்கும். வறுத்து அரைத்த அவர்கள் கறித்தூள் நம்முடையதை விடக் கருப்பாக, காரமாக இருக்கும், கத்தரிக்காய்க்கு அதைப் போட்டுப் பழகிவிட்டால் ஊருக்கு வந்தாலும் தேடுவான். கோடையில் அதே மாநிலத்து ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒரு தடவை போகச் சொல்லுங்கள். 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில், தேரன்று சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும்.

அப்புறம் குக்கர். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, ஸ்டீல் குக்கர் வாங்குங்கள், அதுவும் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து. மிக்ஸியைத் தாராளமாக வைக்கலாம், மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றி மட்டும் வேண்டும். வீட்டில் அரைத்த பொடிகளுக்குத்தான் பெட்டியில் முதல் இடம், அது அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். காலையில் போனால் லேப் முடிந்து வர இரவு ஏழு ஆகிவிடுகிறது. சமைக்கத் தெம்பு இல்லை. பிரெட், நூடுல்ஸ் என்றே ஓடுகிறது. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? (ஒரு மாணவர்)

தம்பி, உங்களுக்குச் சமையல் தெரியாதது பிரச்சினையே இல்லை. வீட்டில் மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்ட அதே கணக்கை அங்கேயும் போடப் பார்க்கிறீர்கள், அது ஒருவரே கடைக்கும் போய், சமைத்து, பாத்திரமும் கழுவ வேண்டிய இடத்தில் நடக்காது. அந்த ஊர்க்காரர்கள் மதியம் ஒரு வேளை மட்டும் சூடாக, வயிறு நிறையச் சாப்பிடுவார்கள், இரவு ரொட்டியோடு முடித்துக்கொள்வார்கள். வேலை நாட்களில் நீங்களும் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குத்தான் மென்சா. பல்கலைக்கழக உணவகம், மாணவருக்குத் தனி விலை, வெளியாளுக்குக் கூடுதல் விலை. பல இடங்களில் மாணவர் அட்டையிலேயே பணம் ஏற்றி வைத்துக் கட்டலாம். நாளைக்கு என்ன சாப்பாடு என்பதை இன்றே போனில் பார்த்துக்கொள்ளலாம். ருசி? உப்பு இருக்கும், காரம் இருக்காது. வேகவைத்த உருளைக்கிழங்கு மேல் வெள்ளைக் குழம்பு ஊற்றித் தருவார்கள், முதல் வாரம் அதைப் பார்த்ததும் அழுகை வரும். பையில் ஒரு சின்ன டப்பாவில் இட்லிப்பொடியோ மிளகுப்பொடியோ வைத்துக்கொள்ளுங்கள், தட்டில் தூவிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இரண்டாம் நாள் பக்கத்தில் இருப்பவரே டப்பாவை நீட்டச் சொல்வார்.

இரவுக்குச் சனிக்கிழமைச் சமையல். ஒரு பெரிய பாத்திரத்தில் சாம்பார், இன்னொன்றில் கொண்டைக்கடலை அல்லது கோழிக்குழம்பு, ஆறியதும் ஒருவேளை அளவாக டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். விடுதி ஃப்ரீசரில் ஆளுக்கு ஒரு அடுக்குதான் கிடைக்கும், எனவே சதுர டப்பாவாக வாங்குங்கள், வட்ட டப்பா இடத்தை விழுங்கிவிடும். சாம்பாரில் உருளைக்கிழங்கு போடாதீர்கள், உறைந்து உருகினால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். முள்ளங்கியும் கேரட்டும் தாங்கும். சோற்றை அன்றன்று வைப்பது நல்லது. மிச்சம் இருந்தால் வெளியிலேயே இரவு முழுக்க விடாமல் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், குளிர் நாடுதானே என்று அடுப்பு மேலேயே விட்டால் ஹீட்டர் ஓடும் சமையலறையில் சோறு கெட்டுப்போகும், வயிற்றுக்கும் ஆகாது. தயிர்சாதத்துக்கு மில்ஷ்ரைஸ் என்று ஒரு குட்டை அரிசி விற்கிறார்கள். அவர்கள் அதில் பாயசம் மாதிரி ஒன்று செய்வார்கள், நமக்கு அது குழைந்த தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும்.

இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை கொட்டியாயிற்று. (ஒரு மாணவி, மியூனிக்)

அறை 20 டிகிரியில் இருந்தால் புளிக்காது, மாவுக்கு 30 டிகிரி அருகில் வேண்டும். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுங்கள், அந்த விளக்குச் சூடே போதும், காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், வழிந்தால் துடைக்கப் போவது நீங்கள்தான். முக்கியமாக, ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இல்லையென்றால் நள்ளிரவில் பீட்சா சுட வரும் ஃப்ளாட்மேட் பார்க்காமல் 220 டிகிரியில் திருகிவிடுவார். மாவை இரவு பத்து மணிக்குள் அரைத்துவிடுங்கள், பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம், மிக்ஸிச் சத்தத்துக்குக் கதவைத் தட்டுவார்கள்.

சுத்த சைவம் நான். பிரச்சினை வருமா?

பெரிதாக வராது. பெர்லின் மென்சாக்களில் 2021 அக்டோபரிலிருந்து பட்டியலில் பெரும்பகுதியே சைவம்தான். ஒளிந்திருக்கும் விஷயங்கள்தான் தொல்லை: உருளைக்கிழங்கு சாலடிலும் பீன்ஸிலும் ஷ்பெக் என்று பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும், ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், சில சீஸ்களை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டில் ஃபெகான் (வீகன், பால்கூட இல்லாதது) என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஃபெகெட்டாரிஷ் (வெஜிடேரியன்) என்றால் முட்டை இருக்கலாம், பால், முட்டை போன்றவற்றை உட்பொருள் பட்டியலில் தடித்த எழுத்தில் காட்டியிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

தாளித்தாலே ஃப்ளாட்மேட்கள் முகம் சுளிக்கிறார்கள். சமைக்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றும் இல்லை, வாடகையில் சமையலறைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் கடுகும் மிளகாயும் எண்ணெயில் வெடிக்கும் நெடி நமக்கே இருமல் தரும், அவர்களுக்குத் தராதா? சமைக்கும்போது உங்கள் அறைக் கதவைச் சாத்துங்கள், குளிர்காலக் கோட்டைச் சமையலறைப் பக்கம் தொங்கவிடாதீர்கள், அதில் ஏறிய வாசனை வகுப்பு வரைக்கும் வரும். சமைத்து முடித்ததும் ஜன்னலை முழுதாக ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள், மைனஸ் டிகிரி குளிரிலும் அவர்களே அப்படித்தான் செய்வார்கள். சில விடுதிகளில் புகை அலாரம் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும், வந்து போன செலவு உங்கள் தலையில் விழலாம். எனவே வரமிளகாயைக் கருக விடாதீர்கள். கருவாடு வறுப்பதைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்? குடிதண்ணீர் வாங்க வேண்டுமா?

விசாவுக்கு 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்குக் காட்டச் சொல்கிறார்கள், வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் இதற்குள்தான். ஆல்டி, லிடில் மாதிரி மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகளில் வாங்கி, மதியம் மென்சாவில் சாப்பிட்டு, வெளியே அதிகம் போகாமல் இருந்தால் 200 யூரோ பக்கத்தில் ஓட்டலாம் என்பது என் கணக்கு. தேதி நெருங்கிய பொருள்களுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தயிர் அப்படி வாங்கினால் நமக்கு இன்னும் கொஞ்சம் புளிப்பு லாபம். அரைத்த கறிக்கும் பச்சைக் கோழிக்கும் மட்டும் தேதியோடு விளையாடாதீர்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் எறியாதீர்கள், ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை, கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கவுண்டரில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

மகள் வீடியோவில் பேசும்போது ராத்திரி ரொட்டியும் சீஸும் வெள்ளரிக்காயும் தின்றுகொண்டிருக்கிறாள். இளைத்தும் போயிருக்கிறாள். சொன்னால் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன் என்கிறாள். நம்பலாமா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

அம்மா, அந்த ரொட்டி நம் ஊர் மில்க் பிரெட் இல்லை. கம்பு நிறத்தில், கனமாக, விதைகள் போட்டு, இரண்டு துண்டுக்கே வயிறு நிறையும். மதியம் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள், இரவை விட்டுவிடுங்கள். மதியமும் ரொட்டிதான் என்றால் கொஞ்சம் கவனிக்கலாம், பரீட்சை நேரத்தில் நிறையப் பேர் அப்படி விட்டுவிடுவார்கள். அப்போது திட்டாமல், சனிக்கிழமை போனை அடுப்புப் பக்கத்தில் நிறுத்திவைக்கச் சொல்லி நீங்களும் இங்கே சமைத்துக்கொண்டே பேசுங்கள், வேலையும் நடக்கும், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நீங்களும் பார்த்துக்கொள்வீர்கள்.

ஈஸ்டருக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், நான் மட்டும் விடுதியில். கடை இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஈஸ்டரில் புனித வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மறுபடி மூடல். பெரிய ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் சில கடைகள் இருக்கும், விலை ஏறத்தான் இருக்கும். வியாழக்கிழமை மாலையும் சனிக்கிழமையும் வரிசை வாசல் வரை நிற்கும், பாலும் முட்டையும் புதன்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.