வைல்டுபீஸ்ட் கெட்டியா, குண்டு சொத்தையா?

கேள்வி: நமீபியாவில் வின்ட்ஹுக் அருகே வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் நண்பரின் பண்ணையில், அனுமதியோடு, இறைச்சிக்காக வேட்டைக்குப் போவதுண்டு. என்னிடம் இருப்பது .30-06 ரைஃபிள், போடுவது 150 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) சாதாரண மென்முனைத் தோட்டா. ஸ்பிரிங்பாக் என்ற சிறிய மான் எல்லாம் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறது. போன மாதம் நீல வைல்டுபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய ஆப்பிரிக்க மான்வகை) காளை ஒன்றை 60 மீட்டரில் சுட்டேன். என்னை நோக்கிக் கொஞ்சம் சாய்வாக நின்றது. முன்சப்பையில்தான் பட்டது. தடுமாறியது, சுதாரித்தது, ஓடிவிட்டது. மூன்று மணி நேரம் தடம் பார்த்துப் போய், இரண்டாவது தோட்டாவில்தான் முடிந்தது. உரித்துப் பார்த்தால் சப்பை முழுக்க ஈயத்துணுக்கு, ஒரு நுரையீரலில் மட்டும் சின்னக் கிழிசல். ஆப்பிரிக்க விலங்குகளின் தோலும் எலும்பும் அவ்வளவு கெட்டியா? இன்னும் பெரிய .375 ரைஃபிள் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் ரைஃபிள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டைத்தான் மாற்ற வேண்டும். அப்புறம், குறி வைக்கும் இடத்தையும் ஒரு சாண் நகர்த்த வேண்டும்.

உரித்தபோது நீங்கள் பார்த்ததே பாதி விடை. மென்முனைக் குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம். உடம்பில் பட்டதும் முனை மலர்ந்து காளான் மாதிரி விரியும். 7.8 மில்லிமீட்டர் குண்டு 15, 16 மில்லிமீட்டர் ஆகிவிடும். விட்டம் இரண்டு மடங்கானால் முகப்பின் பரப்பு நான்கு மடங்கு. அதாவது, உள்ளே போகப்போக அது நான்கு மடங்கு எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஸ்பிரிங்பாக் 30, 40 கிலோ பிராணி. நெஞ்சின் குறுக்களவே ஒரு சாணுக்குள் முடிந்துவிடும், விரிந்த குண்டு மறுபக்கம் வெளியே போய்விடும். வைல்டுபீஸ்ட் காளை 250 கிலோ. சாய்வாக நின்றதால் உங்கள் குண்டு முதலில் சந்தித்தது தோள்மூட்டு எலும்பை. அங்கேயே உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று சிதறிவிட்டது. தோல் தடுத்ததாக நினைக்காதீர்கள். வைல்டுபீஸ்ட் தோலைத் தாண்ட முடியாத ரைஃபிள் குண்டு கிடையாது.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. கிட்டத்தில் சுட்டால் குண்டு இன்னும் ஆழமாகப் போகும் என்று நினைப்போம். மென்மையான குண்டுக்கு அது பொருந்தாது. 150 கிரெயின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்கு ஏறக்குறைய 880 மீட்டர் வேகம். 60 மீட்டரில் அது பெரிதாகக் குறைந்திருக்காது. அந்த வேகத்தில் எலும்பில் மோதுவதுதான் குண்டுக்குக் கடுமையான சோதனை. இதே குண்டு 250 மீட்டரில் வேகம் தணிந்து பட்டிருந்தால் ஒருவேளை உடையாமல் உள்ளே போயிருக்கும்.

சரி, சக்திக் கணக்கைப் பார்ப்போம். நமீபியச் சட்டம் ஜூல் கணக்கில்தான் பேசுகிறது: ஸ்பிரிங்பாக் போன்ற சிறியவற்றுக்கு 1,350, குடு, கெம்ஸ்பாக், வைல்டுபீஸ்ட், எலண்ட் போன்ற பெரிய மான்வகைக்கு 2,700, எருமை, யானை வகைக்கு 5,400. உங்கள் 150 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட 3,800 ஜூல் தருகிறது. அதே ரைஃபிளில் 180 கிரெயின் போட்டால் 3,900 சொச்சம். காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே சட்டத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் விலங்கின் உடம்புக்குள் போகும் ஆழத்தில் இரண்டும் ஒன்றல்ல. காரணம், குறுக்குவெட்டு அடர்த்தி என்று சொல்லும் கணக்கு. குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. ஒரே தடிமனில் நீளமான ஆணியும் குட்டை ஆணியும் மாதிரி. நீளமானதற்குப் பின்னால் இருந்து தள்ளுகிற எடை அதிகம். .30 காலிபரில், அதாவது உங்கள் குழலின் விட்டத்தில், 150 கிரெயினுக்கு இது 0.226, 180 கிரெயினுக்கு 0.271, 220 கிரெயினுக்கு 0.331.

இந்த எண்ணின் அருமை தெரிய வேண்டுமென்றால் டபிள்யூ. டி. எம். பெல்லைப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர். அந்தத் தொழிலை இன்று யாரும் புகழ மாட்டார்கள், நானும் புகழவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட யானைகளை அவர் வீழ்த்தியது 7x57 மவுசரால். இன்றைய கணக்கில் அது மான் வேட்டைத் துப்பாக்கி. மிதமான வேகத்தில் போகும் 173 கிரெயின் நீளக் குண்டு, உறை மூடிய, மலராத வகை, அடர்த்தி 0.3-க்கும் மேல். யானையின் மண்டை எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். அதை ஊடுருவி மூளை வரை நேராகப் போக அந்த நீளமும் அந்த உறையும் போதுமாக இருந்தன. கூடவே, மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவைத்திருந்தார். இதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று கிளம்பக் கூடாது. இன்று சட்டமும் விடாது. குண்டின் உருவமும் கட்டுமானமும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

கட்டுமானம்தான் உங்கள் விஷயத்தில் முக்கியம். 1946-ல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போனார். கையில் .300 மேக்னம் என்ற வலுவான ரைஃபிள். சேறு அப்பிய மூஸின் சப்பையில் குண்டு பட்டுப் பட்டு மேலோட்டமாகவே உடைந்தது, கிட்டத்தட்ட உங்கள் கதைதான். ஊருக்குத் திரும்பி அவர் செய்தது, குண்டுக்குள் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச்சுவர். முன் அறை ஈயம் விரியும், உடையும். பின் அறை அப்படியே எடையோடு உள்ளே போகும். அதுதான் பார்ட்டிஷன் குண்டு. அதற்குப் பின் ஈயத்தை உறையோடு பற்றவைத்தவை வந்தன. ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டுகளும் வந்தன. அவை இதழ் இதழாக விரியும், எடை அநேகமாகக் குறையவே குறையாது.

ஆகவே 180 கிரெயினில் பார்ட்டிஷனோ, பற்றவைத்த வகையோ எடுத்துக்கொள்ளுங்கள். முழுச்செம்பு என்றால் 165 கிரெயினே போதும். என் சாய்வு பற்றவைத்த வகைக்கு. முழுச்செம்பு சில குழல்களில் குறி சிதறும், சுட்டுப் பார்க்காமல் வாங்கிக் குவிக்காதீர்கள். கடையில் எதைச் சொன்னாலும், நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பழைய செய்தித்தாள் கட்டுகளை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, முன்னால் கசாப்புக் கடையில் வாங்கிய மாட்டுத்தொடை எலும்பு ஒன்றைக் கட்டி, சுடுதளத்தில் 50 மீட்டரில் வைத்து இரண்டு வகையையும் சுடுங்கள். தாளைப் பிரித்து ஆழத்தை அளந்து, கிடைத்த குண்டைச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 180 கிரெயின் என்பது 11.7 கிராம். அதில் 10 கிராம் திரும்பி வந்தால் அது வைல்டுபீஸ்டுக்கான குண்டு. 5 கிராம் வந்தால் ஸ்பிரிங்பாக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியது.

இப்போது குறி. வைல்டுபீஸ்டின் உருவமே ஏமாற்று. முன்பக்கம் திமில் மாதிரி உயர்ந்து நிற்கும்; கீழே தாடிமயிர் தொங்கும். கண்ணுக்கு நெஞ்சு எங்கேயோ உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அந்த மேட்டுக்குள் இருப்பது முதுகெலும்பின் நீண்ட முட்களும் தசையும்தான். அங்கே பட்டால் அதிர்ச்சியில் தொப்பென்று விழும், அரை நிமிடத்தில் எழுந்து ஓடும். இதயம் கீழே இருக்கிறது, முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே. பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். சப்பைக்குப் பின்னால் சுடும் மான் வேட்டைப் பழக்கம் இங்கே சரிப்படாது. கொஞ்சம் தவறினால் ஈரலுக்கும் இரைப்பைக்கும் போய்விடும். புல் நிரம்பிய இரைப்பை ஈரமணல் மூட்டைக்குச் சமம், குண்டை விழுங்கிவிடும். உங்களை நோக்கிச் சாய்ந்து நின்றால் கால்கோட்டை மறந்துவிட்டு, தோள்மூட்டுக்கும் கழுத்தடிக்கும் இடைப்பட்ட இடத்தைப் பாருங்கள். அதைவிட நல்லது, அது திரும்பும்வரை காத்திருப்பது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அது ஓடலாம். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் பத்துப் பதினைந்து நொடி உடம்பு இயங்கும். வைல்டுபீஸ்ட் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது, அதாவது நொடிக்கு 22 மீட்டர். பத்து நொடியில் 200 மீட்டர் போய்விடும். தென்னாப்பிரிக்காவில் இதை ஏழையின் எருமை என்று கிண்டலாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கெட்டித்தனம் எடையைப் பொறுத்ததும் அல்ல. எலண்ட் இதைப்போல் மூன்று மடங்கு கனம், குடுவுக்கு உருவம் பெரிது. நல்ல அடி விழுந்தால் இரண்டும் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும். வைல்டுபீஸ்டும் கெம்ஸ்பாக்கும்தான் மல்லுக்கு நிற்கும். ஒரு நுரையீரல் மட்டும் கிழிந்த வைல்டுபீஸ்ட் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

சுட்டதும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். விழுந்துவிட்டது என்று கைகொடுக்கப் போகாதீர்கள். பட்ட இடத்தில் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தால் நுரையீரல், கொஞ்ச தூரத்தில் கிடக்கும். கரும்சிவப்பு என்றால் ஈரல். பச்சைச் சாறு கலந்திருந்தால் இரைப்பை. உடனே துரத்தினால் எழுந்து எழுந்து ஓடும், அரைமணி உட்கார்ந்துவிட்டு, தடம் பார்க்கும் ஆளை (டிராக்கரை) முன்னால் விடுங்கள்.

.375 விஷயம். 1912-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த அருமையான தோட்டா. 300 கிரெயின் குண்டு, 5,600 ஜூல், அடர்த்தி 0.305. எருமைக்குப் போகும் நாளில் சட்டப்படியே அது வேண்டும். ஆனால் தோளில் விழும் உதை உங்கள் .30-06 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழகாத தோள் டிரிகரை இழுப்பதற்கு முன்பே சுருங்கும், குறி இரைப்பைக்குப் போகும். அந்தக் காசில் நல்ல தோட்டா ஐந்து பெட்டியும், ரைஃபிளைத் தாங்கும் முக்காலிக் கோல் ஒன்றும் வாங்கி, நின்றபடி 100 மீட்டரில் சுட்டுப் பழகுங்கள்.

மிச்சமிருக்கும் 150 கிரெயின் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், ஸ்பிரிங்பாக்குக்கு அதுவே போதும். ஒன்று மட்டும்: 180-க்கு மாறும்போது ஸ்கோப்பை மறுபடி பூஜ்யம் செய்து, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்துகொள்ளுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் விழாது. இரண்டு வகையையும் ஒரே பையில் கலந்து போடாதீர்கள்.