நீள டேப் வாங்குவதும் காப்பதும்: கேள்வி பதில்

கட்டடம், வேலி, குழாய் பதிப்பு என்று 30 மீட்டர், 50 மீட்டர் டேப்பை நாள்தோறும் கையாள்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. தளத்தில் அளவெடுத்து மூலை போடுவது, அதாவது கட்டடத்தின் மூலைகளைத் தரையில் குறிப்பது, என் வேலை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மேஸ்திரி, சேலம்: அண்ணே, ஃபைபர் டேப் வாங்கவா, ஸ்டீல் வாங்கவா? விலை வித்தியாசம் அதிகமா இருக்கே.

அஸ்திவாரத்துக்கு மூலை போட, தூண் மையம் குறிக்க ஸ்டீல்தான். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட, வேலி நீளம் பார்க்க, குழாய்க் கணக்கு எடுக்க ஃபைபர் போதும். ஃபைபர் இழுத்தால் கொஞ்சம் நீளும். அதனால்தான் அதற்குப் பொதுவாக 20 நியூட்டன், ஏறக்குறைய 2 கிலோ இழுப்பில் அளவு நிர்ணயிக்கிறார்கள். ஸ்டீல் நீள டேப்புக்கு 50 நியூட்டன், அதாவது 5 கிலோ. ஸ்டீலை இழுக்கிற பலத்தில் ஃபைபரை இழுத்தால் பட்டை நீண்டு, அளவு குறைவாகக் காட்டும். மற்றபடி ஃபைபர் துருப்பிடிக்காது, மடிந்தாலும் தாங்கும். முடிந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் டேப்பை மண் வேலைக்கு யாருக்கும் இரவல் தராதீர்கள்.

மேஸ்திரி, சேலம்: பட்டை ஆரம்பத்தில் வட்டத்துக்குள்ள II-ன்னு போட்டிருக்கே, அது என்ன?

துல்லிய வகுப்பு. ஐரோப்பிய விதிப்படி வந்த குறி, நம் கடைகளில் கிடைக்கும் பல டேப்புகளிலும் இருக்கும். I வகுப்பு என்றால் 30 மீட்டரில் கூடக்குறைய 3.1 மில்லிமீட்டர் வரை பிழை அனுமதி. II வகுப்புக்கு 6.3. III வகுப்புக்கு 12.6. பக்கத்திலேயே 20°C, 50N என்றும் அச்சிட்டிருப்பார்கள். அந்த வெப்பத்தில், அந்த இழுப்பில், தரையில் முழுக்கப் படுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். குறியே இல்லாத டேப்பை மூலை போட எடுக்காதீர்கள். நம் நாட்டில் ஸ்டீல் டேப்புக்கான தரம் ஐ.எஸ். 1269, இரண்டாம் பாகம். நெய்த டேப்புக்கும் ஃபைபருக்கும் முதல் பாகம்.

ஷெட் வேலை, கோவை: நல்ல கம்பெனி ஸ்டீல் டேப்தான் சார். காலையில ஒருத்தர் அளந்தா ஒரு அளவு, மதியம் இன்னொருத்தர் அளந்தா வேற. 2 சென்டிமீட்டர் வரைக்கும் போகுது. டேப் போயிடுச்சா?

டேப் மேல் பழி போடுவதற்கு முன் தொய்வைப் பாருங்கள். 13 மில்லிமீட்டர் அகலம், 0.2 மில்லிமீட்டர் கனம் உள்ள ஸ்டீல் பட்டை மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். அதை இரண்டு முனையில் மட்டும் பிடித்து 30 மீட்டருக்குத் தொங்கவிட்டு, சரியாக 5 கிலோ இழுத்தாலே தொய்வால் வரும் பிழை 18 மில்லிமீட்டர். இழுப்பு பாதியானால் பிழை நான்கு மடங்கு, 7 சென்டிமீட்டருக்கும் மேல். உங்கள் ஆட்களில் ஒருவர் பலமாக இழுத்திருப்பார், இன்னொருவர் லேசாகப் பிடித்திருப்பார். 2 சென்டிமீட்டர் அதிலேயே வந்துவிடும்.

நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, அதே மட்டத்தில் பட்டையைத் தாங்கச் சொன்னால் 18 மில்லிமீட்டர் நாலரையாகக் குறையும். சமதரை இருந்தால் படுக்கப் போட்டே அளங்கள், தொய்வுப் பேச்சே இல்லை. முனையில் மாட்ட ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கி வையுங்கள், 5 கிலோவில் முள் நிற்கும்போது படியுங்கள். ஒரு வாரம் தராசோடு இழுத்தால் கைக்கே அந்தப் பலம் பழகிவிடும்.

அடுத்தது வெயில். ஸ்டீல் 30 மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.35 மில்லிமீட்டர் நீளும். மதிய வெயிலில் பட்டை 50 டிகிரிக்குச் சூடானால், அச்சிட்ட 20 டிகிரியைவிட 30 டிகிரி கூடுதல், 10 மில்லிமீட்டர் வித்தியாசம். பட்டை நீண்டிருப்பதால், நீங்கள் 30 மீட்டர் என்று குறிக்கும் இடம் உண்மையில் 30 மீட்டர் 1 சென்டிமீட்டர். செங்கல் கட்டடத்தில் எல்லாமே அதே டேப்பில் குறிப்பதால் யாருக்கும் தெரியாமல் போகும். உங்கள் வேலையில் போல்ட்டைத் தளத்தில் புதைக்கிறீர்கள், இரும்புச் சட்டம் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. ஓட்டை போல்ட்டில் உட்காராமல் கேஸ் கட்டர் வைத்து அகலப்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். போல்ட் மையத்தைக் காலை வெயில் ஏறுமுன் குறியுங்கள். முடியாவிட்டால் மேலே சொன்ன கணக்கைக் கழித்துக் குறியுங்கள்.

கம்பிவேலி போடுபவர், திண்டுக்கல்: வளையத்தை ஆணியில மாட்டி அளந்தா ஒவ்வொரு டேப்புக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வருது.

சில டேப்பில் பூஜ்யம் வளையத்தின் வெளி விளிம்பில் இருக்கும். சிலவற்றில் வளையம் தாண்டி வெறும் பட்டை கொஞ்சம் ஓடி, அதற்கப்புறம்தான் பூஜ்யக் கோடு. உங்கள் டேப்புகளில் ஒன்று இந்த வகையாகவும் மற்றொன்று அந்த வகையாகவும் இருக்கும். வாங்கியதும் முதலில் இதைப் பாருங்கள். 100 அடி டேப் என்று கேட்டு வாங்கியது 30 மீட்டரா என்பதையும் பாருங்கள். 30 மீட்டர் என்பது 98 அடி 5 அங்குலம்தான்.

படகுத்துறை வேலை, தூத்துக்குடி: ஸ்டீல் டேப் துரு ஏறிடுது. நைலான் பூசினது நல்லதா?

நல்லது. உராய்வில் வெறும் பெயின்ட் அடித்த பட்டையின் எண்கள் சீக்கிரம் அழியும், நைலான் பூச்சு வெகுகாலம் தாங்கும். ஆனால் நைலானில் ஒரு கீறல் விழுந்தால் உப்புத்தண்ணீர் அதற்குள் புகுந்து, மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் துரு ஓடும். அந்த இடத்தில் பூச்சு லேசாக உப்பியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். வேலை முடிந்ததும் முழுக்க வெளியே இழுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த துணியை இரு விரலுக்கு நடுவே பிடித்து அதன் வழியாகச் சுற்றுங்கள். பெயின்ட் பட்டைக்குத் துணியில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில். மூடிய டப்பாவைவிடத் திறந்த சட்டம் உள்ளதை வாங்குங்கள். டப்பாவுக்குள் மணல் போனால் ஒவ்வொரு சுற்றிலும் பட்டையைத் தேய்க்கும்.

பிளம்பர், தஞ்சாவூர்: டேப் முறிஞ்சிடுச்சு. ரிவெட் அடிச்சு ஒட்டித் தர்றேன்னு சொல்றாங்க.

குழாய் நீளம் பார்க்கப் போதும், மூலை போட ஆகாது. ஒட்டிய இடத்தில் சில மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ இருக்கும். முன்முனை மட்டும் போயிருந்தால் 1 மீட்டர் கோட்டிலிருந்து அளக்கலாம். அப்போது படிப்பவரும் பிடிப்பவரும் “ஒன்று கழி” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஸ்டீல் பட்டை பெரும்பாலும் முறிவது தரையில் ஒரு சுருள் விழுந்திருக்கும்போது சட்டென்று இழுப்பதால்தான். இழுக்குமுன் சுருளை எடுத்துவிடச் சொல்லிக் கொடுங்கள்.

எலக்ட்ரீஷியன், வேலூர்: லைன் பக்கத்துல எது?

ஸ்டீல் வேண்டவே வேண்டாம். உலோக இழை கலந்து நெய்த டேப்பும் வேண்டாம். ஃபைபராக இருந்தாலும் ஈரமோ அழுக்கோ இருந்தால் மின்சாரம் பாயலாம். லைனை அணைத்த பிறகே அளங்கள்.

மனை வாங்கியவர், மதுரை: பத்திரத்தில் 20 மீட்டர். மேஸ்திரி ஃபைபர் டேப்பால் தரையோடு அளந்தால் 20 மீட்டர் 3 சென்டிமீட்டர் வருகிறது. மனை கொஞ்சம் சரிவு. எதை நம்புவது?

சரிவிலேயே விடை இருக்கிறது. நில அளவை மட்டத்தில்தான் கணக்கு. 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் இருந்தால் தரையோடு அளக்கும்போது 2.5 சென்டிமீட்டர் கூடக் காட்டும். புதர் மேலும் கல் மேலும் பட்டை ஏறி இறங்கினால் இன்னும் கூடும். இரண்டு குச்சி நட்டு, ரச மட்டம் வைத்து, 5 மீட்டர் 5 மீட்டராகப் படிக்கட்டுபோல் இறங்கி, ஒவ்வொரு படியிலும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் குறித்து அளக்கச் சொல்லுங்கள். மதில் எழுப்புவதாக இருந்தால் அதற்கு முன் நில அளவைக்கு மனு கொடுத்து, சர்வேயர் வந்து கல்லைக் காட்டிய பிறகு கடைக்கால் தோண்டுங்கள்.