மளிகைப் பட்ஜெட்டை ரூபாயில் போடாதீர்கள், கிலோவில் போடுங்கள்

கேள்வி: வீட்டில் நான்கு பேர், இரண்டு பெரியவர்கள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மளிகை, பால், காய்கறி எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் ஒதுக்குகிறோம். 20-ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. ஒதுக்கிய பணத்துக்குள் நிற்க என்ன வழி?

பதில்:

முதல் தேதி லிஸ்ட் எழுதும்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். போன மாதம் வாங்கியதையே திரும்ப எழுதுவார்கள், தொகை கூடினால் இரண்டு பொருளை அடிப்பார்கள். அடித்த பொருள் 12-ஆம் தேதி தெருமுனைக் கடையிலிருந்து சின்னப் பாக்கெட்டாக, கூடுதல் விலைக்கு வீட்டுக்குள் வந்துவிடும். பட்ஜெட் உடைவது மாதச் சாமான் வாங்கும் அன்று இல்லை. அடுத்த மூன்று வாரத்தில் "போற வழியில" வாங்குவதில்தான் உடைகிறது. அதை நிறுத்த, வீட்டுக்கு எது எவ்வளவு வேண்டும் என்ற அளவு முதலில் தெரிய வேண்டும். ரூபாய் அதற்குப் பிறகு.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் போதும். முதல் தேதி டப்பாக்களில் இருப்பதை எடை போட்டு எழுதுங்கள். அந்த மாதம் வாங்கியதைக் கூட்டுங்கள். கடைசி நாள் மீதம் இருப்பதைக் கழியுங்கள். வருவதுதான் உங்கள் வீட்டின் உண்மையான செலவு. துவரம்பருப்பு தொடக்கத்தில் 400 கிராம், வாங்கியது 2 கிலோ, மீதம் 500 கிராம் என்றால் செலவு 1.9 கிலோ. எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய வேண்டாம். அரிசி, பருப்பு வகை, எண்ணெய், சர்க்கரை, காபி அல்லது டீத்தூள் போதும். கடுகு, சீரகம், பெருங்காயத்தில் பெரிய வித்தியாசம் வராது.

ஒப்பிட்டுப் பார்க்க, தினமும் சமைக்கும் நான்கு பேர் வீட்டுக்கு என் கணக்கு இது. சாப்பாட்டு அரிசி நாளுக்கு 700 முதல் 800 கிராம். சாம்பாருக்கு ஒரு தடவை 125 கிராம் துவரம்பருப்பு, மாதத்தில் 16 நாள் என்றால் 2 கிலோ. மாவு வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று ஆட்டினால், மாதம் 6 கிலோ அரிசியும் 1.5 கிலோ உளுந்தும் போகும். பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு தலா அரைக் கிலோ. புளி, மிளகாய் வற்றல், மல்லி தலா அரைக் கிலோ. சர்க்கரை 2 கிலோ. சமையல் எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் 1 லிட்டர். உங்கள் அளவு இதைவிடக் கால்வாசிக்கு மேல் கூடியிருக்கும் பொருளில்தான் பணம் கசிகிறது. பெரும்பாலும் அது எண்ணெயாக இருக்கும்.

எண்ணெய்க்கு ஒரு எளிய வழி உண்டு. மூன்று லிட்டர் முப்பது நாளுக்கு என்றால் ஒரு லிட்டர் பத்து நாள் வர வேண்டும். பாக்கெட்டை வெட்டித் தூக்கில் ஊற்றும்போதே அதன் வெளியே ஒரு துண்டு டேப் ஒட்டி, அன்றைய தேதியையும் பத்தாவது நாளின் தேதியையும் எழுதிவிடுங்கள். 1-ஆம் தேதி ஊற்றியது 7-ஆம் தேதி காலியானால், அந்த வாரம் அப்பளமும் வடையும் எத்தனை தடவை பொரித்தோம் என்பது உடனே நினைவுக்கு வரும். மாதக் கடைசியில் பார்த்தால் வராது. எண்ணெயை 5 லிட்டர், 15 லிட்டர் கேன்களில் வாங்க வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். லிட்டருக்குச் சில ரூபாய் குறையும், ஆனால் நிறைய இருக்கும்போது கை தாராளமாகிவிடும்.

இப்போது ரூபாய்க்கு வருவோம். உங்கள் 12,000-ஐ ஒரே தொகையாக வைக்காமல் ஐந்தாகப் பிரியுங்கள்: மளிகை (சோப்பு, பவுடர் சேர்த்து) 5,500, பால் 1,800, காய்கறி, பழம் 2,800, முட்டை, மீன், கறி 1,400, கையிருப்பு 500. விகிதம் வீட்டுக்கு வீடு மாறும். சைவ வீட்டில் அந்த 1,400-இல் பாதி பாலுக்கும் தயிருக்கும் போகும். ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 20-ஆம் தேதிக்கு முன் பணம் தாவக் கூடாது. உறை போட்டு வைத்தாலும் சரி, யூபிஐக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தாலும் சரி. சம்பளம் வரும் கணக்கிலிருந்தே ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் எவ்வளவு மீதம் என்பது கடைசிவரை தெரியாது.

காய்கறிப் பணத்தில் பலர் தவறுவது வகுத்தலில். 2,800-ஐ நான்கால் வகுத்து வாரம் 700 என்று வைத்துக்கொள்கிறார்கள். மாதம் நாலு வாரம் இல்லை, அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் இருக்கிறது. அந்த நாட்களுக்குக் காசு இருக்காது. 31-ஆல் வகுத்தால் நாளுக்கு 90, வாரத்துக்கு 630. இதுதான் சரியான தொகை.

அரிசியும் அப்படியே. மூட்டையில் 26 கிலோ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட எடைக்கு வரி இல்லை. அதனால்தான் ஆலைகள் 26 கிலோவாக அடைக்க ஆரம்பித்தன. விலை கேட்கும்போது 26-ஆல் வகுத்து, கிலோ விலையைத்தான் ஒப்பிட வேண்டும். நாளுக்கு 750 கிராம் என்றால் ஒரு மூட்டை 34 நாள் வரும். முதல் தேதி வந்துவிட்டது என்பதற்காக மூட்டை வாங்காதீர்கள், டப்பாவில் மூன்று நாள் அரிசி மீதமிருக்கும்போது வாங்குங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு மூட்டைக்குப் பதில் பத்தரை மூட்டையோடு முடியும்.

பாக்கெட் பொருட்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். இப்போது அதே உயரப் பாக்கெட்டில் 850 கிராம், 800 கிராம் என்றும் வருகிறது. இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்ற பழைய விதி நீக்கப்பட்டதிலிருந்து பிஸ்கட், டீத்தூள், சோப்புத்தூள் எல்லாவற்றிலும் இதே கதை. 910 கிராம் 160 ரூபாய், 850 கிராம் 152 ரூபாய் என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கை இரண்டாவதற்குத்தான் போகும். வகுத்துப் பார்த்தால் முதலாவது கிராமுக்கு 17.6 பைசா, இரண்டாவது 17.9 பைசா. விதியை நீக்கியபோதே அலகு விலையை அச்சிட வேண்டும் என்றும் ஆக்கினார்கள். எம்ஆர்பிக்கு அருகில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது கிராமுக்கு இவ்வளவு என்றும், கூடிய பாக்கெட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

ரேஷன் கார்டு அரிசி அட்டையாக இருந்தால் அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். நடுத்தரக் குடும்பங்கள் பலவும் இங்கே கூச்சப்பட்டு விட்டுவிடுகின்றன. தமிழ்நாட்டில் அரிசி இலவசம், சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசியைச் சாப்பாட்டுக்கு விரும்பாதவர்கள் மாவுக்குப் போடலாம். நாலைந்து தண்ணீர் கழுவி, ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, வழக்கமான உளுந்தோடு ஆட்டினால் இட்லி நன்றாகவே வரும். மனம் ஒப்பாவிட்டால் பாதி ரேஷன், பாதி கடை இட்லி அரிசி. பருப்பு, சர்க்கரை, இட்லி அரிசி மூன்றிலுமாக மாதம் 400 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசியில் இருப்பு இல்லாமல் போவதுண்டு, அதனால் முதல் வாரமே போய்விடுங்கள். வாங்கியதும் கைபேசிக்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் நீங்கள் வாங்காத பொருள் எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாலுக்கு ஆவின் மாத அட்டை போடுவது லாபம். 2022 நவம்பரில் ஆரஞ்சுப் பாக்கெட்டின் சில்லறை விலை லிட்டர் 60 ரூபாயாக ஏறியபோது, அட்டை வைத்திருந்தவர்களுக்கு 46 ரூபாயே தொடர்ந்தது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு அன்று மாதம் 420 ரூபாய் வித்தியாசம். கொழுப்பு ஆரஞ்சில் 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. காபிக்கு ஆரஞ்சு, தயிருக்குப் பச்சை என்று பிரித்து வாங்கலாம். எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு தேவையில்லை.

காய்கறிக்கு ஊரில் உழவர் சந்தை இருந்தால் வாரம் ஒரு காலை அங்கே போங்கள். 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்த நாளிலிருந்து அதன் பெரிய வசதி, அன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போடுவது. வாங்காவிட்டாலும் அந்த விலை தெரிந்தால் தெருக் கடையில் எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்று புரியும். நான்கு பேருக்கு ஒரு பொரியல் 400 கிராம், குழம்புக் காய் 200 கிராம். வாரத்துக்குச் சுமார் 4 கிலோ காய், பெரிய வெங்காயமும் தக்காளியும் தலா ஒன்றரைக் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ. இதற்கு மேல் வாங்கினால் அழுகும்.

அழுகாமல் காக்கச் சமைக்கும் வரிசை முக்கியம். வாங்கிய அன்றும் மறுநாளும் கீரை. அடுத்து வெண்டை, கத்தரி, அவரை, பீன்ஸ். வாரக் கடைசிக்குப் பீட்ரூட், வாழைக்காய், சேனை, உருளை, பூசணி. இந்த வரிசை தெரியாமல் முதல் நாளே உருளைக்கிழங்கு வறுத்துவிட்டால் நாலாம் நாள் வெண்டைக்காய் முற்றிக் குப்பைக்குப் போகும்.

விலை ஏறும் காலத்துக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அப்படிப்பட்ட வாரங்களில் ஒன்றரைக் கிலோவை அரைக் கிலோவாக்கி, புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று மாறிவிட வேண்டும். முருங்கைக்காய் மார்கழியில் எட்டாத விலைக்குப் போகும், கோடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் சின்ன வெங்காயமும் அப்படித்தான் ஏறும்.

வருடத்துக்கு மொத்தமாக வாங்கத் தகுந்தவை மூன்றுதான்: புளி, மிளகாய் வற்றல், மல்லி. மாசி, பங்குனியில் புதுச்சரக்கு வரும். மாதம் அரைக் கிலோ என்றால் தலா 6 கிலோ. புளியைக் கொட்டை, நார் நீக்கி வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவிப் பீங்கான் ஜாடியில் அடைத்தால் அடுத்த வருடம் வரை கெடாது. மிளகாயும் மல்லியும் சருகாகக் காய்ந்த பிறகே டப்பாவுக்குள் போக வேண்டும், ஈரம் இருந்தால் ஆடி மாதத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். மூன்றுக்குமான மாதச் செலவு 300 ரூபாய் என்றால், வாங்கிய பிறகும் அந்த 300-ஐ மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள், அடுத்த மாசிக்கு அதுதான் முதல். ரவை, மைதா, கடலை மாவில் வண்டு விழும். காபித்தூளில் மணம் போகும். இவற்றை மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், காபித்தூளை இரண்டு வாரத்துக்கு.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களைப் பற்றி என் கருத்து கடுமையானது. மறந்துபோன ஒரு கட்டு மல்லித்தழைக்காகத் திறந்தால், டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க நூறு இருநூறு ரூபாய்க்கு வேறு ஏதாவது சேர்க்க வைத்துவிடும். அப்படியும் கையாளும் கட்டணம் என்று ஒரு வரி பில்லில் நிற்கும். மாதம் எட்டுத் தடவை நடந்தால் காய்கறிப் பணத்தில் பாதி போய்விடும். மல்லித்தழை இல்லாமல் ரசம் வைத்தாலும் ரசம்தான். கடையில் நோட்டு வைத்து வாங்குவதிலும் இதே ஆபத்து உண்டு, விலை கேட்காமலே சாமான் வீட்டுக்கு வரும். அதே அண்ணாச்சியிடம் லிஸ்ட் கொடுத்து, பில் வாங்கி, ரொக்கமாகக் கொடுங்கள். விலையில் கொஞ்சம் குறைத்தே போடுவார்.

15-ஆம் தேதி ஒரு பத்து நிமிடம் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும் பொருளை அன்றே குறித்துக்கொண்டு, மீதி நாளுக்குச் சமையலை அதற்கேற்ப மாற்றுங்கள். பருப்பு குறைவாக இருந்தால் வாரம் இரண்டு நாள் வற்றல் குழம்பு, எண்ணெய் குறைவாக இருந்தால் கூட்டும் துவையலும். விருந்தாளி வந்தால் அந்தச் செலவு கையிருப்பு 500-இலிருந்து போகட்டும். புரட்டாசியில் கறி, மீன் எடுக்காத வீடுகள் அந்த 1,400-ஐ வேறு எதிலும் கரைக்காமல் தீபாவளிப் பலகாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடலை மாவு, கூடுதல் எண்ணெய், நெய், வெல்லம் எல்லாம் அதிலேயே அடங்கும்.

முதல் மாதமே 12,000-க்குள் நிற்க முயல வேண்டாம். அந்த மாதம் அளந்து எழுதுவது மட்டும் போதும். இரண்டாம் மாதம் எண்ணெய், இடையில் வாங்குவது இரண்டையும் மட்டும் பிடியுங்கள். மூன்றாம் மாதமும் அளவெல்லாம் சரியாக இருந்து பணம் மட்டும் போதவில்லை என்றால், உங்கள் ஊர் விலைக்கு 12,000 குறைவான தொகை. அப்போது பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் கை வைக்காமல் தொகையை 13,000 ஆக்குங்கள்.