மூன்றாம் முறை உயர்தரம் எழுதலாமா?

தம்பி, ஹட்டனிலிருந்து உயிரியல் பிரிவில் இரண்டாம் முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றி, உயிரியலுக்கு பி, இரசாயனவியலுக்கு சி, பௌதிகவியலுக்கு எஸ் (சாதாரண சித்தி) பெற்ற நிலையில், மருத்துவபீடத்துக்காக மீண்டும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே ஏற்கப்படுவதால் இது உங்களுக்குக் கடைசி வாய்ப்பு. நுவரெலியா மாவட்டத்துக்கு, 55 வீத மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலாகப் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலும் பங்குண்டு என்பது உண்மைதான். ஆயினும் அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி அவ்வருடம் அப்பாடத்தை எழுதிய ஏனையோரோடு ஒப்பிடப்பட்டு, மூன்று பாடங்களின் சராசரியாகவே கணிக்கப்படுகிறது.

உங்களைக் கீழே இழுப்பது பௌதிகவியல். கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, பல்தேர்வில் இழக்கிறீர்களா, கட்டுரை வினாவில் சமன்பாட்டை எழுதியதும் நின்றுவிடுகிறீர்களா என்பதை ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். பின்னையது பயிற்சியால் திருந்தும். எண்ணக்கருவே விளங்கவில்லையென்றால், டியூஷனுக்கு இன்னொரு வருடம் வீட்டார் செலவழிப்பது (தோட்டச் சம்பளத்தில் அது சிறிய தொகையல்ல) எனக்கு நியாயமாகப்படவில்லை.

எந்த முடிவானாலும், இப்பெறுபேற்றைக் கொண்டு ஏனைய கற்கைநெறிகளுக்கும், கோரப்படும்போது ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.