பாப்பா கேக்கறது சமூக சேவை இல்லீங்கண்ணா, அது ஒரு தொழில்

வணக்கங்கண்ணா. நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் ரெண்டையும் காலைல தான் கேட்டேன். பாப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம், மார்க் நல்லாருக்கு, கேம்பஸ்ல உக்காந்தா ஐடி கம்பெனி ஆஃபர் வந்துரும், ஆனா அவ "ஏழை நாட்டு ஜனங்களுக்கு உதவுற மாதிரி டெக்னாலஜி வேலை இருக்கு, நான் அதுக்குத்தான் போவேன்"னு நிக்கறா, நீங்க ராத்திரி தூங்கல. பயம் நியாயமானது தான், ஆனா அவ சொல்ற விஷயம் என்னன்னு நீங்க முதல்ல புரிஞ்சுக்கணும், அதுக்கப்புறம் வேண்டாம்னு சொன்னாலும் பரவால்ல.

உங்களுக்கு மஞ்சள் வியாபாரம்ங்கறதால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ரேட்டு தெரிஞ்சவன் கைல தான் பேரம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கேரளால 1997ல இருந்து 2001க்குள்ள கடலோரமா ஏரியா ஏரியாவா செல்போன் டவர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி மத்தி பிடிச்சுட்டு வர்றவங்க வழக்கமா வர்ற கரைக்கே வருவாங்க, அங்க வாங்க ஆளில்லன்னா மீனைக் கடல்லயே கொட்டிட்டுப் போகணும், அதே நேரம் பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரைல வியாபாரி மீனில்லாம நின்னுட்டிருப்பாரு. போன் வந்தப்புறம் படகுல இருந்தே கூப்பிட்டு எங்க ரேட்டு நல்லாருக்குன்னு கேட்டுட்டு அங்க போனாங்க. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்து 2007ல வெளியிட்டாரு, மீனவங்க லாபம் சராசரியா 8 சதவீதம் ஏறிருக்கு, சாப்பிடறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சிருக்கு, கொட்டுறது கிட்டத்தட்ட நின்னே போச்சு. யாரும் யாருக்கும் தானம் பண்ணல பாருங்க.

பாப்பா கென்யா கென்யான்னு சொல்றாளே, அது எம்-பேசாங்கற, போன்லயே பணம் அனுப்பற வசதியைப் பாத்துட்டு தான். 2007 மார்ச்ல சஃபாரிகாம்ங்கற கம்பெனி ஆரம்பிச்சது, பேசான்னா சுவாஹிலில பணம். நைரோபில கூலி வேலை செய்யறவரு ஊருக்குப் பணம் அனுப்பணும்னா முன்னாடியெல்லாம் பஸ்காரர்கிட்டயோ ஊருக்குப் போற யார்கிட்டயாவதோ கொடுத்து விடணும், போய்ச் சேருமான்னு தெரியாது. இப்போ பட்டன் போன்லயே அனுப்பிடலாம், இன்டர்நெட் கூட வேண்டாம். ஆரம்பத்துல அதுக்கு பிரிட்டன் அரசோட வளர்ச்சி உதவித்துறை கொஞ்சம் பணம் போட்டுச்சு, நோக்கம் என்னன்னா சின்ன கடன் வாங்குனவங்க தவணைய போன்ல கட்டறது. ஆனா ட்ரையல் விட்டுப் பாத்தா ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பணம் அனுப்பிக்க ஆரம்பிச்சுட்டாங்க, கம்பெனியும் அதைக் கவனிச்சு திட்டத்தையே மாத்திட்டாங்க. எனக்கு இந்தக் கதைல பிடிச்ச இடமே இதுதான். அப்புறம் நம்மூர் ரீசார்ஜ் கடை மாதிரி ஊர் ஊருக்கு ஏஜென்ட் போட்டாங்க, அந்தக் கடைக்காரருக்கு ட்ரெய்னிங் கொடுக்கணும், கல்லால எப்பவும் சில்லறை இருக்கணும், பின் நம்பர் மறந்துட்டு வர்ற பாட்டிக்கு பதில் சொல்லணும், வேலைல முக்கால்வாசி அதுதான், சாஃப்ட்வேர் மீதிதான். 2016ல வந்த ஒரு ஆய்வு இதனால சுமார் 1,94,000 குடும்பம், அதாவது கென்யா குடும்பங்கள்ல 2 சதவீதம், கடும் வறுமைல இருந்து வெளிய வந்துச்சுன்னு சொல்லுது.

நம்ம பக்கத்துலயே இருக்குங்கண்ணா. 1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பாண்டிச்சேரி பக்கம் கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சாங்க, வீராம்பட்டினத்துல அமெரிக்க கடற்படை வெப்சைட்ல இருந்து அலை உயரம் எடுத்து தமிழ்ல லவுட்ஸ்பீக்கர்ல சொல்லுவாங்க. கடலுக்குக் கிளம்புறவர் கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உக்காருவாரா என்ன, அதான் ஸ்பீக்கர். 2004 சுனாமி அன்னைக்கு நல்லவாடுல, சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணி எச்சரிச்சதும் அதே மாதிரி மையத்து ஸ்பீக்கர்ல தான் ஊரைக் கிளப்புனாங்க, 3,500 பேருக்கு மேல உயிர் பிழைச்சாங்க.

ஆனா நல்லதை மட்டும் சொல்லி உங்களை சம்மதிக்க வைக்க எனக்கு மனசில்ல. பெரு நாட்டுல பள்ளிப் பிள்ளைங்களுக்கு லட்சக்கணக்குல லேப்டாப் கொடுத்தாங்க, 2012ல வந்த ஆய்வுல கணக்கு, மொழிப்பாடம் ரெண்டுலயும் முன்னேற்றம் ஒண்ணும் தெரியல, ஏன்னா வாத்தியாருக்குச் சரியாச் சொல்லித் தரல, பாடத்தோட சேக்கல, பெட்டிய மட்டும் கொடுத்தாச்சு. நம்ம மதுரை மேலூர் பக்கம் 2001ல இன்டர்நெட் கியோஸ்க் வச்சாங்க, சில வருஷத்துல நிறைய மூடிட்டாங்க. பாப்பா இந்த மாதிரி தோத்துப்போன கதைகளைத் தேடிப் படிச்சாளான்னு கேளுங்க, படிச்சும் ஆசை போகலன்னா அந்த ஆசைக்கு மதிப்பு இருக்கு.

இப்போ சம்பளம். ஆரம்பத்துல பெரிய ஐடி கம்பெனிய விட கம்மியா தான் இருக்கும், நிறைய வேலை ரெண்டு வருஷம் மூணு வருஷம் கான்ட்ராக்ட், ஃபண்ட் நின்னா வேலையும் நின்னுரும். 2025ல அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்துனப்போ உலகம் பூரா எத்தனையோ ப்ராஜெக்ட் பாதில மூடுச்சு, நல்ல நல்ல ஆளுங்க வீட்டுக்குப் போனாங்க. அதனால என் அபிப்ராயம், கேம்பஸ விட வேண்டாம். ஆஃபர் வந்தா சேரட்டும், ரெண்டு வருஷம் உருப்படியா கோடிங் கத்துக்கட்டும். கைத்தொழில் இருக்கற பிள்ளைக்கு ஒரு ப்ராஜெக்ட் மூடுனாலும் சோத்துக்குப் பிரச்சனை வராது.

அந்த ரெண்டு வருஷத்த வீணாக்கவும் வேண்டாம். ஓபன்எம்ஆர்எஸ்னு ஒண்ணு, ஆப்பிரிக்க நாட்டு ஆஸ்பத்திரிகள்ல நோயாளி விவரம் வைக்கற இலவச சாஃப்ட்வேர், அதுல வீட்டுல இருந்தே பங்களிக்கலாம். நார்வேல ஆஸ்லோ யூனிவர்சிட்டில இருந்து வந்த டிஹெச்ஐஎஸ்2ங்கற சாஃப்ட்வேர் 70 நாட்டுக்கு மேல சுகாதாரத் துறைல ஓடுது, 2020 ஜனவரிலயே இலங்கை அதை வச்சுத்தான் ஏர்போர்ட்ல வர்றவங்களை கொரோனாவுக்காக கண்காணிச்சாங்க. நம்ம பெங்களூர் ட்ரிபிள் ஐடில செஞ்ச மோசிப்ங்கற சாஃப்ட்வேர் பிலிப்பைன்ஸ், மொராக்கோல அடையாள அட்டைக்கு உதவுது. இதுல எதுலயாவது அவ எழுதுன கோட் ஏறிருந்தா அந்த ரெஸ்யூமே பேசும்.

மேல்படிப்புக்கு ஐஐடி பாம்பேல டெக்னாலஜி அண்ட் டெவலப்மென்ட்னே எம்.டெக் இருக்கு, கேட் நுழைவுத் தேர்வு எழுதணும். வெளிநாடுன்னா பிரிட்டன்ல மான்செஸ்டர் யூனிவர்சிட்டி இந்தத் துறைல ரொம்ப நாளா பேர் வாங்குன இடம். பிரிட்டன் அரசு கொடுக்கற செவனிங் ஸ்காலர்ஷிப் கிடைச்சா படிப்புச் செலவு உங்க தலைல விழாது, ஆனா அதுக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேக்கறாங்க, முடிச்சதும் ரெண்டு வருஷம் நம்ம நாட்டுல இருக்கணும். இதுக்கும் சேத்துத்தான் முதல்ல வேலைக்குப் போகட்டும்னு சொல்றேன். கடன் வாங்கி இப்பவே அனுப்பறதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

கல்யாணப் பேச்சுல என்ன சொல்றதுன்னு கேட்டீங்க, கம்ப்யூட்டர் இன்ஜினியர்னு சொல்லுங்க, அதுதான உண்மை.

இன்னொண்ணு, வர்ற லீவுல அவளை ஒரு மாசம் உங்க ஊர் ரேஷன் கடைலயும் இ-சேவை மையத்துலயும் போய் உக்காரச் சொல்லுங்க, நோட்டுப் புத்தகத்தோட. வயசானவங்களுக்கு கைரேகை விழலன்னா என்ன ஆகுது, எத்தன தடவ திரும்பி வர்றாங்க, சர்வர் போயிருச்சுன்னா கடைக்காரர் என்ன பண்றாரு, அம்மா பேரு ஒரு கார்டுல ஒரு மாதிரி இன்னொண்ணுல வேற மாதிரி இருந்தா யார் சரி பண்றாங்க, எல்லாம் எழுதட்டும். தீர்வு எதுவும் யோசிக்க வேண்டாம், பாத்தத மட்டும் எழுதுனா போதும். பத்தாவது நாளே சலிச்சுப் போச்சுன்னா அவளுக்கே தெரிஞ்சுரும். சலிக்கலன்னா அந்த நோட்ட எடுத்துட்டு ரெண்டு பேரும் என்கிட்ட வாங்க, அதை வச்சு தான் நான் மேற்கொண்டு பேசுவேன்.